துடிப்பு நின்ற சனிக்கிழமை

இந்தச் சனிக்கிழமை சமையலறைக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை என்று அகராதிக்காரர் வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டார். அதை மனைவியிடம் சொல்வதில்லை என்பதும் அந்த முடிவிலேயே அடக்கம்.

காரணம் சின்னதல்ல. சாயங்காலம் நாலு மணிக்குத் தெருமுனை மன்றத்தில் கேரம் போட்டி, அரையிறுதி. ஜோடி, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். சமையல் முடிந்து அறை காலியாகிப் பிரஷ்ஷைக் கையில் எடுக்கவே மத்தியானம் ஆகிவிடும்; நாலு மணிக்கு ஏணியிலிருந்து இறங்க முடியாது.

ஆகவே நோய் ஒன்று தேவைப்பட்டது. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். வயிற்றுவலி என்றால் மத்தியானச் சாப்பாடு போய்விடும். கைவலி என்றால் கேரமே போய்விடும். ஏணிக்கு வேண்டும், கேரம் பலகைக்கு வேண்டாம், அப்படி ஓர் உறுப்பைத் தேடித் தலையிலிருந்து கீழே இறங்கியவர் முழங்காலில் வந்து நின்றார்.

அவருக்கு வேலை அகராதி அலுவலகத்தில். அந்த வாரம் முழுக்க அவர் மேஜையில் கிடந்த சொல் 'துடி'. இதயம் துடிப்பது, இமை துடிப்பது, கோபத்தில் மீசை துடிப்பது, கரையில் விழுந்த மீன் துடிப்பது, ஒன்றைச் சொல்லிவிட மனசு துடிப்பது என்று பதினாறு பொருள் எழுதி முடித்திருந்தார். வாய் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வந்து நின்றது.

சனிக்கிழமை காலையில் காபியோடு வந்த மனைவியிடம் முனகினார்.

"முட்டி துடிக்குதும்மா."

"துடிக்குதா?"

"ராத்திரியிலேருந்து."

மனைவிக்கு எலும்பு டாக்டர் கிளினிக்கில் வேலை. அங்கே டோக்கன் கொடுக்கிறாள் என்றுதான் அகராதிக்காரர் நினைத்திருந்தார். வருகிறவர்கள் சொல்லும் கோளாறை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவதும் அவள்தான். பதினோரு வருஷ அனுபவம்.

"குத்துதா?"

"இல்ல."

"குடையுதா? கடுக்குதா? இழுக்குதா? விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா?"

"துடிக்குதுங்கிறேன்."

"முட்டி துடிக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்ததில்லைங்க. முட்டி வலிக்கும். ஆளுதான் துடிப்பாங்க. நீங்க என்னடான்னா அசையாம உக்காந்து காபி குடிக்கிறீங்க."

அகராதிக்காரருக்கு ரோஷம் வந்தது. சொல்லுக்குப் பொருள் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆள் அவர்.

"நாடி எங்கெல்லாம் ஓடுதோ அங்கெல்லாம் துடிக்கலாம். பதினாறு பொருள் இருக்கு."

"அதுல முட்டி எத்தனாவது?"

"பதினேழாவதா சேர்க்கப் போறேன்."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டாள். "சரி, புது வியாதின்னா ஜாக்கிரதையாத்தான் இருக்கணும். காலை அசைக்கவே கூடாது" என்று கணுக்காலிலிருந்து தொடைவரை பட்டைத் துணியை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்தாள். சாப்பாடும் கட்டிலுக்கே வந்தது. இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மூன்றே முக்காலுக்கு வாசலில் கண்டக்டர் குரல் கேட்டது.

"சார் கிளம்பியாச்சா தங்கச்சி?"

"அவருக்கு முட்டி துடிக்குதுண்ணே. அசையக் கூடாது."

"ஐயையோ. ஜோடி இல்லேன்னா பேரை அடிச்சிடுவாங்களேம்மா."

"ஜோடிக்கு வேற ஆள் வரலாமா?"

"அதே வீட்டு ஆளா இருந்தா வரலாம்னு விதி இருக்கு."

"அப்படியா, நான் வரேன். கிளினிக்ல தினமும் மத்தியானம் நாங்க ஆடுறதுதான்."

அகராதிக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "இங்க பாரும்மா, சரியாயிடுச்சு. துடிப்பு நின்னுபோச்சு."

மனைவி உள்ளே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "நிக்கலை. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"முட்டியில நின்னுபோச்சுன்னு சொன்னேன்."

"நல்லதாப் போச்சு. முட்டி சரியானவங்க ஏணியில ஏறலாம். பெயிண்ட் டப்பாவை அப்பவே திறந்து வெச்சுட்டேன், இப்ப அடிக்கலைன்னா காஞ்சிடும். முட்டி சரியாகலைன்னா அப்படியே படுத்துக்கலாம். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அகராதிக்காரர் வாசலைப் பார்த்தார். கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்தாலும் கேரம் இல்லை, எழுந்தாலும் கேரம் இல்லை. படுத்தால் அந்தப் பட்டைத் துணி வேறு.

"பிரஷ் எங்க இருக்கு?" என்றார்.

ஆறரை மணிக்கு அவர் நான்காவது சுவரை முடித்து, மூக்கில் வெள்ளையும் காதில் வெள்ளையுமாக ஏணியிலிருந்து இறங்கியபோது இருவரும் திரும்பி வந்தார்கள். கண்டக்டர் வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தார்.

"சார், தங்கச்சி சிவப்புக் காயைப் போட்டு, கையோட அடுத்த காயையும் போட்டாங்க பாருங்க. எதிராளி எழுந்து நின்னு கும்பிட்டான். இவ்வளவு நாள் ஆளை மாத்தி வெச்சு ஆடிக்கிட்டிருந்திருக்கோம்."

அகராதிக்காரர் சிரித்துவைத்தார். மனைவி நாலு சுவரையும் நிதானமாகப் பார்த்தாள். மூலையில் விட்டுப்போன இடத்தைக்கூடக் குறை சொல்லவில்லை.

"ரொம்ப நல்லா வந்திருக்குங்க. அடுத்த சனிக்கிழமை ஃபைனல். வர்ற வழியில ஹாலுக்கும் ரெண்டு டப்பா வாங்கிட்டேன்."