கார்த்திகேசுவின் மூக்கு

உடை மாற்றும் அறை வாசலில் காலணியைக் கழற்றக் குனிந்தபோதுதான் கார்த்திகேசுவுக்குத் தன் கழுத்து மணப்பது உறைத்தது.

அன்று அவருக்கு விடுமுறை நாள். விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து குளித்து, சென்ட்டைக் கழுத்தில் இரண்டு, மணிக்கட்டில் ஒன்று, காலருக்குள் ஒன்று என நாலு அடி அடித்துக்கொண்டு சோபாவில் சும்மா உட்கார்ந்திருப்பது அவர் வழக்கம். எங்கும் போகமாட்டார். அப்படி உட்கார்ந்திருந்தவரை ஆறு மணிக்கு மேலாளர் ஜெகதீஸ்வரி மேடம் போனில் பிடித்துவிட்டார்.

"ஒருத்தர் உடம்பு சரியில்லன்னு எம்சி போட்டுட்டார். நீங்க உடனே வரணும். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் பேர் சொல்லப் போறாங்க, உங்க பேர்தான் முன்னால நிக்குது. பார்த்துக்குங்க."

பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த பதவி. அடித்துப் பிடித்து ஓடிவந்தவர், கழுத்தில் அடித்துக்கொண்டதை மறந்துவிட்டார்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் இருக்கும் அந்தத் தொழிற்சாலை கம்ப்யூட்டர் சில்லு செய்கிறது. கிளீன்ரூம் என்னும் கூடத்துக்குள் ஒரு தூசு போனாலும் ஒரு தட்டுச் சில்லு குப்பைக்குப் போகும். அதனால் பவுடர் கூடாது, தலைக்கு ஜெல் கூடாது, வாசனை கூடவே கூடாது. மீறினால் அன்றைக்கே கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை பார்ப்பது இப்படிப்பட்ட இடத்தில்; பைத்தியமோ வாசனைமேல். அவர் தலையெழுத்து அப்படி.

சாதாரணப் பைத்தியமும் இல்லை. டத்தோ கிராமாட்டில் இருக்கும் அவர் வீட்டில் எழுபத்து நாலு போத்தல்கள் ஏசி அறை அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அங்கே முன்பு இருந்தவை மனைவி தனலெட்சுமியின் புடவைகள்; அவை இப்போது கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள். "போத்தலுக்கு ஏசி, என் கல்யாணப் பொடவைக்குக் கரப்பான்பூச்சி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் வாய் வலித்துவிட்டது.

'பினாங்கு மூக்குகள்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்குக் கார்த்திகேசுதான் தலைவர். யார் என்ன வாசனை போட்டாலும் ஒரு தீர்ப்பு வைத்திருப்பார். மைத்துனியின் கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து முகர்ந்துவிட்டு, "இந்த சென்ட் விலை நூறு வெள்ளிக்குக் கீழ" என்று சபையில் அறிவித்தவர். அதற்கப்புறம் அந்த வீட்டு விருந்து எதற்கும் அவர்களுக்கு அழைப்பு வந்ததில்லை.

இன்று கழுத்தில் இருப்பது 'பெல்ரூ நாற்பத்தேழு'. நேற்றுத்தான் வந்தது. வந்த சூட்டோடு குழுவில் எழுதியும் விட்டார்: முதல் பத்து நிமிஷம் குங்குமப்பூ, அப்புறம் பழைய தோல், கடைசியில் மழை விட்ட மொரோக்கோ. பக்கத்துத் தீவான லங்காவியைத் தாண்டி எங்கும் போகாத மனிதர் மொரோக்கோ மழையை எங்கே முகர்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

"என்ன தம்பி, கூயே வாங்கிட்டு வந்தீங்களா?"

கேட்டவர் காமாரியா அக்கா. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்மோக் என்னும் வெள்ளை மேலங்கி எடுத்துக் கொடுப்பவர். வீட்டில் கூயே பலகாரம் செய்து கேண்டீனுக்கும் போடுகிறார். மூக்கை இன்னொரு முறை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "எங்க வீட்டு அடுப்படி வாசனை அப்படியே அடிக்குதுலா."

அந்தப் பயத்திலும் கார்த்திகேசுவுக்குக் கோபம் வந்தது. பெல்ரூவைப் போய் அடுப்படி என்கிறாரே.

"உங்க மூக்கை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்கு ஓடினார். அங்கிருந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"தனம், அவசரம். போட்ட வாசனை போகணும்னா என்ன செய்யணும்?"

"எழுபத்து நாலு போத்தலையும் தூக்கி லோங்கான் சாக்கடையில போடணும்," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

கைகழுவும் எலுமிச்சை சோப்பை அள்ளிக் கழுத்தில் தேய்த்தார். வாசனை அடங்கவில்லை, எலுமிச்சையும் அதோடு சேர்ந்துகொண்டது. இன்னும் தேய்த்தார். கழுத்து சிவந்ததுதான் மிச்சம். திரும்பி வந்தவரைக் காமாரியா அக்கா ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு ஸ்மோக் கொடுங்க."

"எதுக்கு ரெண்டு?"

"குளிருதுக்கா."

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கழுத்தை டேப்பால் சுற்றி, தன்னைத் தானே பார்சல் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. உடம்பு சூடேறினால் வாசனை இன்னும் எழும்பும் என்று குழுவில் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தவரே அவர்தான். மூச்சு விடும்போதெல்லாம் முகமூடிக்குள் மொரோக்கோவில் மழை பெய்தது.

எட்டு மணிக்கு ஜெகதீஸ்வரி மேடம் சோதனைக்கு உள்ளே வந்தார். கார்த்திகேசு அவர் பக்கம் போகாமல் இயந்திரத்துக்கு இயந்திரம் நழுவினார். எவ்வளவு நழுவியும் மேடம் அவர் அருகில் வந்துவிட்டார். வந்த அதே நிமிஷம், காற்றில் அந்நியப் பொருள் கலந்தால் கத்தும் கருவி கத்தத் தொடங்கியது.

வேலை நின்றது. பதினான்கு பேரும் வெளியே வரிசையில் நின்றார்கள்.

"யாரோ எதையோ பூசிட்டு வந்திருக்கீங்க," என்றார் மேடம். "எல்லார் பாக்கெட்டையும் லாக்கரையும் பார்க்கப் போறோம்."

கார்த்திகேசுவின் கால்சட்டைப் பையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் போத்தல் இருந்தது. பெரிய போத்தலிலிருந்து அவரே ஊற்றிக்கொண்டது. அப்படி ஒன்று பையில் இல்லாமல் அவர் வாசல் தாண்ட மாட்டார். ஸ்மோக்கைக் கழற்றும் சாக்கில் அதையும் சேர்த்துச் சுருட்டி, அழுக்கு ஸ்மோக் கூடைக்குள் அமுக்கிவிட்டார். அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடா ஐந்து நிமிஷம்தான் தாங்கியது. காவலாளி கூடையைத் தலைகீழாகக் கொட்டினார். போத்தல் உருண்டு வந்து மேடத்தின் காலடியில் நின்றது.

"கூடை யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் மேடம்," என்றார் காமாரியா அக்கா. "ஆனா சத்தியமா இது என்னுது இல்ல."

"உங்க கூடையில இருந்தா உங்களுதுதான். கார்டைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க."

காமாரியா அக்காவின் கண் கலங்கிவிட்டது. கார்த்திகேசு தரையைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பத்தொன்பது வருஷமும் போச்சு, வெள்ளிக்கிழமையும் போச்சு. அக்காவுக்காவது கூயே வியாபாரம் இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று மனசாட்சியோடு பேரம் பேசினார். அதுவும் ஏறத்தாழ ஒத்துக்கொண்டது. வெட்கங்கெட்ட மனசாட்சி.

அப்போது மேடம் போத்தலைத் திறந்து முகர்ந்தார். முகத்தைச் சுளித்தார்.

"சீ. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில பத்து வெள்ளிக்கு மூணுன்னு விக்கிற சரக்கு."

கார்த்திகேசுவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மேடம், பார்த்துப் பேசுங்க. அது பெல்ரூ நாற்பத்தேழு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா அது என்னுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. காமாரியா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைக் காப்பாத்த ஒத்துக்கிட்டீங்களே தம்பி. நீங்க நல்லா இருக்கணும்," என்றார். கார்த்திகேசு அதை மறுக்கவில்லை.

போத்தலும், கூடத்திலிருந்து பிடித்த காற்றும் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. மதியம் வரை கார்த்திகேசு மேடத்தின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்காக நிறுத்திவைத்த காமாரியா அக்காவும் ஓரமாக நின்றார். வேலை போனால் தனம் போத்தல்களை விற்கச் சொல்வாள். எதை முதலில் விற்பது என்று யோசித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வுக்கூட இன்ஜினியர் ஷர்வின் ஒரு தாளோடு வந்தார்.

"மேடம், காத்துல கிடைச்சது முகப் பவுடர். சந்தன வாசம் உள்ளது."

மேடத்தின் கை மெதுவாகப் போய்த் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டது. "பில்டர் பழசாயிருக்கும். மாத்தச் சொல்லுங்க," என்றார் அவசரமாக. "அந்தப் போத்தல்?"

"அதுல ஒரு பிரச்சனையும் இல்ல. நாம கிளீன்ரூம்ல மேசை துடைக்கிறோமே, அதே ஸ்பிரிட். அப்புறம் தண்ணி. கூயேக்கு ஊத்துற பாண்டான் எசென்ஸ் ரெண்டு சொட்டு. இதுக்கெல்லாம் அலாரம் அடிக்காது."

"அப்ப கேஸ் முடிஞ்சது." மேடம் கோப்பைப் பட்டென்று மூடினார். "கார்த்திகேசு, உங்கமேல தப்பில்ல. போய் வேலையைப் பாருங்க. வெள்ளிக்கிழமை நல்ல சேதி வரும்."

வேறு யாராக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். கார்த்திகேசு அசையவில்லை.

"டெஸ்ட் தப்பு," என்றார்.

"என்ன?"

"மெஷின் தப்பாச் சொல்லுது. அது ஒரிஜினல். அலாரம் அடிச்சது என்னாலதான்."

"தப்பிச்சிட்டீங்கன்னு சொல்றேன், புரியுதா இல்லையா?"

"எனக்குத் தப்பிக்க வேணாம் மேடம். வேலையை விட்டு எடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா பாண்டான்னு மட்டும் எழுதாதீங்க."

மேடம் ஷர்வினைப் பார்த்தார். ஷர்வின் கூரையைப் பார்த்தார்.

"கண்ட கடையில வாங்கல மேடம்." கார்த்திகேசு எழுந்து நின்றார். "என்கிட்ட இருக்கற எழுபத்து நாலும் ஒரே ஆள் கொடுத்தது. துபாய் டானி. மாசம் ரெண்டு தடவை பிளைட் ஏறிப் போய், தன் கையால எடுத்துட்டு வர்றவர். துபாய்ல நிக்கற படமே இருக்கு, பாருங்க."

போனை நீட்டினார். பாலைவனம், ஒட்டகம், கறுப்புக் கண்ணாடி போட்ட டானி. மேடம் பார்த்தார். ஷர்வினும் பார்த்தார். காமாரியா அக்கா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கிட்டே வந்து நிதானமாகப் பார்த்தார்.

"இது நம்ம டானியல், எங்க வீட்டோட இருக்கற என் மருமகன்," என்றார். "பெர்ரியில அக்கரை பட்டர்வொர்த் போனாலே வாந்தி எடுக்கறவன், துபாய்க்கு எப்ப தம்பி போனான்?"