சோபாவில் இருப்பதெல்லாம் பூனை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலமாக இல்லை. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், விருந்தாட வந்திருக்கும் தங்கள் தங்கையும் அங்கு நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். தங்கையின் நலம் நீடிக்க வேண்டுமானால், இக்கடிதத்தை அவள் கண்ணில் படாமல் மாடிப்படியில் உட்கார்ந்து வாசிக்கவும்.

நான் விசிலும் கையுமாகப் பிழைக்கும் உடற்பயிற்சி ஆசிரியன் என்பது தாங்கள் அறிந்ததே. இந்த வருடம் பெரிய வகுப்புகளுக்குச் செயற்கை நுண்ணறிவு சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வந்த அன்றே கணக்கு வாத்தியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அறிவியல் டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தலைமையாசிரியை என்னைப் பிடித்தார். "மைதானம் பூரா தண்ணி. சும்மாதானே இருக்கீங்க, நீங்க எடுங்க." "மேடம், எனக்கு என் போன்ல அலாரத்தையே நிறுத்தத் தெரியாது." "இங்க யாருக்குத்தான் தெரியும்? தைரியமா போங்க." புத்தகத்தைப் பிரித்தேன். இயந்திரத்துக்குப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, சரி தப்பு சொல்லிக்கொண்டே இருந்தால் அது தானாகக் கற்றுக்கொள்ளுமாம். அட, இதைத்தானே நான் காலமெல்லாம் மைதானத்தில் செய்கிறேன்! கம்ப்யூட்டர் எதுவும் உயிரோடு இல்லாததால் வகுப்பையே இயந்திரமாக்கினேன். படத்தைக் காட்டி விசில் அடிப்பேன். பூனையா நாயா என்று எல்லாரும் கத்த வேண்டும். தப்பாகச் சொன்னவன் வராந்தாவில் ஒரு சுற்று ஓட வேண்டும். பூனைப் படத்துக்கு எங்கே போவது? கழுத்தில் மணி கட்டிய தங்கள் தங்கையின் செல்லம், நம் மகாராணி இருக்கிறாளே! தரையில் கால் வைக்காத ஜென்மம். எல்லாப் படத்திலும் தாங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பச்சை சோபாவில்தான் இருந்தாள். நாய்களைப் பள்ளிச் சுவரோரம் பிடித்தேன், போனில்தான். இரண்டே வாரத்தில் ஒருத்தன்கூட ஓடவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்தப் பெருமையை வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் ஸ்டாஃப் ரூமில் சொல்லித் தொலைத்தேன். பாடத்தைப் பார்க்க மேலதிகாரி வருகிறார் என்றார்கள். அவரை உட்கார வைக்க ஒழுங்கான நாற்காலி இல்லை, உங்க வீட்டு சோபாவைக் கொண்டு வாங்க என்றார் தலைமையாசிரியை. குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அடித்துணிக் கிழிசலுக்குள் மகாராணி தூங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். அதிகாரி வந்து சோபாவில் அமர்ந்தார். நான் படத்தை எடுக்குமுன் பதற்றத்தில் விசிலை ஊதிவிட்டேன். நாற்பது பேரும் அவரைக் கைகாட்டி, "பூனை!" என்றார்கள். அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். "பசங்க விளையாடுதுங்க சார்" என்று தலைமையாசிரியை ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதறினால் எனக்கு விசில் தானாக வாய்க்குப் போகும். "ரெண்டு பூனை!" என்றார்கள். இந்தக் கூச்சலில் மகாராணி மிரண்டு, சோபாவுக்கு அடியிலிருந்து பாய்ந்து, ஜன்னல் வழியாகச் சுவர்மேல் போய் நின்றாள். "நாய்!" என்றது வகுப்பு. அதிகாரி எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இவங்க பூனையைக் கத்துக்கவே இல்ல சார். சோபாவைத்தான் கத்துக்கிட்டிருக்காங்க." சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் மச்சான்.

அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் மகாராணியைக் காணோம்! பூனையைத் தேடிக் கொண்டு வாங்கடா என்று நாற்பது பேரையும் தெருத்தெருவாக அனுப்பினேன். முதலில் கையில் டிவி ரிமோட்டோடு ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வந்து சேர்ந்தார். அடுத்து, பல் டாக்டர் வீட்டில் காத்திருந்த ஓர் அம்மாள், வாயில் பஞ்சோடு. எல்லாரும் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களாம். கடைசியாக வந்தவன் சொன்னான்: "பூனை எங்கயும் இல்ல சார். நம்ம ஸ்கூல் சுவர்மேல ஒரு நாய்தான் கழுத்துல மணியோட மியாவ்னு கத்திட்டு இருந்துச்சு. கல்லெடுத்து விரட்டிட்டோம்."

நேற்று தங்கள் தங்கை போன் செய்தாள். "அவ குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு, போனை அவ காதுல வைங்க" என்றாள். வேறு வழியில்லாமல் நானே மியாவ் என்றேன். "தொண்டை கட்டியிருக்கே, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று அழுதாள். மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவள் பேசுவதெல்லாம் அந்தப் பூனையிடம்தான் மச்சான். வீடு திரும்பி அவள் அதைக் கூப்பிடும்போது ஒன்றும் வராமல் போனால், நான் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்? ஆகவே எப்படியாவது அவளை இன்னும் நாலு நாள் அங்கேயே நிறுத்திவைக்கவும். தாங்கள் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாலும் சரி. நம்பாவிட்டால் மெத்தைமேல் மெதுவாக விழுந்து காட்டவும். அதற்குள் தேடிப் பிடித்துவிடுவேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் கைகால்கள் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கும்,

மாப்பிள்ளை.

பி.கு.: இதை ஒட்டலாம் என்று எழுந்தேன், வாசலில் மணிச்சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்த்தது. அந்தப் படங்களை எல்லாரையும்விட அதிக தடவை பார்த்தவன் நான் அல்லவா? யோசிக்குமுன்பே, "ச்சீ, போ நாயே!" என்று செருப்பை வீசிவிட்டேன். மணிச்சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது. நாலு நாள் போதாது மச்சான். மெத்தையெல்லாம் வேண்டாம், இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த மாடிப்படியிலிருந்தே விழவும்.