பத்தாயத்தில் ஏறாத பத்துக் கண்டி மிளகு

தோவாளை,
1107 மாசி 18

மகாராஜராஜஸ்ரீ பூதலிங்கம் பிள்ளை அத்தான் அவர்கள் சமுகத்துக்கு, ஆறுமுகப்பெருமாள் வணக்கமாக எழுதுவது. இங்கு நானும் தாணம்மாளும் குழந்தை அழகம்மையும் தாணுமாலயன் புண்ணியத்தில் சுகம். தக்கலையில் தாங்களும் அக்காவும் மருமகப்பிள்ளை சிவதாணுவும் சுகமென்று நம்புகிறேன். (மருமகப்பிள்ளை என்று எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருக்கிறேன். மசி அதிகமாயிருப்பதற்கு மன்னிக்கவும்.) நம்பத்தான் முடியும், அத்தான். தாங்கள் கடைசியாகப் போட்ட கார்டில் "சூதாடி வீட்டில் சம்பந்தம் கிடையாது" என்ற ஒரே வரிதான் இருந்தது. சுகசேதி விசாரிக்க அரைக்கார்டு மிச்சம் கிடந்தும் விசாரிக்கவில்லை.

ஆகையால் முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் கேள்விப்பட்டது நிஜம். முன்சீப் கோர்ட் கூண்டில் ஏறி, நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறோடு, "நான் சூதாடி, எசமானே" என்று சத்தியம் செய்தவன் நானேதான். அம்மன் கொடையில் முதல் திருநீறு வாங்குகிற கை இதுதான், அதே கையைத் தூக்கித்தான் சொன்னேன். ஏன் சொன்னேன், சொல்லியும் என்ன ஆச்சு என்பதைத் தாங்கள் கடைசிவரை வாசித்துவிட்டு, பிறகு கார்டு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கும்பப்பூ அறுப்பு முடிந்து நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குப் போனேன். நெல் விலை கேட்டால் அழுகை வந்தது. வண்டியைத் திருப்பவும் மனசில்லை, விற்கவும் மனசில்லை, அப்படியே நின்றவனைத் தரகர் முத்துநாயகம் தன் கடைக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்தார். அந்த மோரைக் குடித்ததுதான் என் முதல் தப்பு. கடை என்றால் கடை இல்லை அத்தான், ஒரு மூட்டை கிடையாது, ஒரு தராசு கிடையாது. சுவரில் ஒரு கரும்பலகை, பக்கத்தில் நாலு பெஞ்சு, பெஞ்சு நிறைய நம்ம நாஞ்சில் நாட்டு ஆட்கள். மத்தியானம் ஆலப்புழையிலிருந்து கம்பித்தந்தி வரும், மிளகு விலை பலகையில் ஏறும், பெஞ்சிலிருந்து ஒரு மூச்சு எழும்பும். அவ்வளவுதான் வியாபாரம். அதுக்குப் பேரு அவதி. இன்றைக்கு விலை பேசி ஒப்புப் போடுவது, தவணை ஆவணி கடைசி. அன்றைக்கு விலை ஏறியிருந்தால் வித்தியாசம் நமக்கு, இறங்கியிருந்தால் அவருக்கு.

"மிளகு எங்கவே இருக்கு?" என்று கேட்டேன்.

"மிளகு கொடியில இருக்கு அண்ணாச்சி. நமக்கு என்னத்துக்கு அது? நெல்லுன்னா வெள்ளம் வேணும், உரம் வேணும், எலி திங்கப்பிடாது. இது கடுதாசியில வெளையும். எலி கடுதாசியத் திங்குமா?" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பத்துக் கண்டிக்கு, மூன்று வண்டி கொள்ளாத சரக்குக்கு, ஒப்புப் போட்டேன். நம்ம குடும்பத்தில் மிளகு என்றால் அஞ்சறைப் பெட்டியில் ஒரு அறை. பத்துக் கண்டிக்கு அதிபதியாக ஊருக்குள் நடந்து வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் மாசம் விலை ஏறிற்று பாருங்கோ, அதுதான் சனியன். ஏறாமலிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். குளத்தங்கரையில், கோயில் நடையில், மயிர் வெட்டுகிற இடத்தில், எங்கே நாலுபேர் கூடினாலும் "நம்ம மிளகு" என்று பேச ஆரம்பித்தேன். தோளில் போடச் சரிகைக்கரை நேரியல் ஒன்று வாங்கினேன். தாணம்மாள் பார்த்துவிட்டு, "ஒரு மணி மிளகு வீட்டுக்கு வரல்லை, ரசத்துக்குக் கடன் வாங்கிட்டு வந்திருக்கேன். நேரியலு மட்டும் எப்படி வந்து?" என்று கேட்டாள். "உனக்கு வியாபாரம் வெளங்காது" என்றேன். எனக்கு விளங்கின லட்சணத்தை இப்போது தக்கலை வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆடியில் விலை இறங்கிற்று. ஆவணியில் விழுந்தது. தவணை நாளில் முத்துநாயகம் வித்தியாசத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் ஆலப்புழைக்காரருக்குக் கட்டியாக வேண்டும். நான்தான், கொடுக்க முடியாது என்று சொல்லாமல், "மிளகை எறக்கும், துட்டைத் தாறேன்" என்று வீம்பு பேசி அனுப்பினேன். இந்த ஒரு வார்த்தையை அவருடைய வக்கீல் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். கேஸும் போட்டார்கள்.

நம்ம ஜான்ரோஸ் வக்கீலிடம் போனேன். நல்ல மனுஷன், வேதக்காரர், பொய் பேசமாட்டார், பிறரைப் பேச வைப்பதும் சொற்பம்தான். காகிதத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "பிள்ளைவாள், ஒரே வழிதான் உண்டு. நிஜமாச் சரக்கு வாங்கணும்னு ஒப்புப் போட்டா அது வியாபாரம், துட்டைக் கட்டணும். சரக்கே வேண்டாம், விலை ஏறுமா இறங்குமான்னு பந்தயம்னு வச்சா அது சூது. சூதுக்கடனைக் கோர்ட் வாங்கித் தராது. நீங்க சூதாடினேன்னு சொல்லணும், ஆலடி வயலு தப்பும்" என்றார்.

"வேற மாதிரி சொல்லப்பிடாதா? விளையாட்டுப்புத்தின்னு?"

"விளையாட்டுப்புத்திக்குச் சட்டம் இல்லை."

ஆலடி வயல் தாங்கள் அறியாததல்ல. ரெண்டு பூவும் குறையாமல் விளைகிற வயல். சிவதாணுவுக்கு நாம் பேசி வைத்த அழகம்மை கல்யாணச் செலவுக்கு நான் நம்பியிருந்தது அந்த ஒரு வயலைத்தான். வயல் போனால் கல்யாணம் நடத்த வழியில்லை, சூதாடி என்று சொன்னால் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை இல்லை. இது அப்போது எனக்குத் தெரியவில்லை அத்தான். கோர்ட்டில் சொல்வது கோர்ட்டுச் சுவரைத் தாண்டாது என்று நினைத்துவிட்டேன். நான் அன்று பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் சேதி தக்கலையில் இறங்கிவிட்டது.

அதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ. சூதாடி என்று நிரூபிக்கச் சாட்சி வேண்டுமாம். ஊரில் ஒருத்தன் வரவில்லை. "உமக்குச் சீட்டைக் கலைக்கத் தெரியுமாவே? நீரு சூதாடின்னு நான் சொன்னா கோர்ட்டே சிரிக்கும்" என்று கை விரித்தார்கள். ஐம்பது வயசுவரை யோக்கியன் என்று பேர் வாங்கினது இப்படி இடைஞ்சலாக முடியும் என்று யார் கண்டார்? ஜான்ரோஸ் ஒத்திகை பார்த்தார். "சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு?" என்று கேட்டார். "நாப்பது" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் சாட்சி இல்லாமலே ஏறி, என் வாயாலேயே சொல்லித் தொலைத்தேன். மறுவாரம் தங்கள் கார்டு வந்தது. அழகம்மை அதை வாசித்தாள். கார்டைக் கொண்டுபோய் என் நேரியல் மடிப்புக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த நேரியலை அப்புறம் நான் உடுத்தவில்லை.

குறுக்கு விசாரணைக்கு வேறு நாள் போட்டார்கள். எதிர் வக்கீல் முதலில் கூண்டில் ஏற்றினது யாரை என்றீர்கள்? நம்ம பூக்காரன் பொன்னுலிங்கத்தை. வாரா வாரம் என் வீட்டுக்கு அரளியும் பிச்சியும் கொண்டுவருகிறவன். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"இவர் உன்னிடம் மாலை வாங்கினாரா?"

"வாங்கினாரு எசமானே. பத்தாயத்துக்குன்னு பெரிய மாலை. பிள்ளைவாள், பத்தாயத்துக்கு இப்பம் என்னத்துக்கு மாலைன்னு கேட்டேன். மிளகு வருதுலே, ஏத்தணும்லா அப்படீன்னாரு."

கோர்ட்டில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"பத்தாயத்தில் அப்போது நெல் எவ்வளவு?"

"பதினெட்டுக் கோட்டை."

"அதை என்ன செய்தீர்?"

"வாசல் முத்தத்தில் எறக்கினேன்."

"பத்தாயத்தைக் கழுவினீரா?"

"கழுவினேன்."

"மஞ்சத்தண்ணி தெளித்தீரா?"

"தெளிச்சேன்."

"சாம்பிராணி போட்டீரா?"

"போட்டேன்."

"எத்தனை நாள்?"

"மூணு நாள்."

"மூணு நாள்!" என்று வக்கீல் பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "எந்த ஊர்ச் சூதாடிவே பத்தாயத்துக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு, மூணு நாள் சாம்பிராணி போட்டு, மாலையும் சாத்திச் சூதாடுகான்?"

கோர்ட்டில் சிரிப்பு. சேவகன் கூடச் சிரித்தான். முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மெதுவாக, "நீரே சொல்லும். பத்தாயத்தை எதற்காகக் காலி செய்தீர்?" என்று கேட்டார். ஜான்ரோஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியான பதில் ஒன்று சொன்னால் வயல் தப்பும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான், கடைசிப் பெஞ்சுக்கு மேலே தங்கள் ஜரிகைத் தலைப்பாகை தெரிந்தது. தக்கலையிலிருந்து என்னைப் பார்க்கவா வந்தீர்கள், என் மானம் போவதைப் பார்க்கவா, எனக்குத் தெரியாது. தாங்கள் காதில் கையை வைத்துக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"மிளகு ஏத்தத்தான், எசமானே" என்றேன்.

ஜான்ரோஸ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கும்போது தங்கள் தலைப்பாகை இல்லை.

தீர்ப்பு தை மாசம் வந்தது. தோற்றேன். ஆனால் தீர்ப்பில் நாலாவது பக்கத்தைத் தயவுசெய்து வாசிக்க வேணும், கோர்ட் முத்திரையோடு நகல் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். "பிரதிவாதி தன்னைச் சூதாடி என்று தானே சொல்லிக்கொண்டாலும், சரக்கை எதிர்பார்த்துத் தன் பத்தாயத்தைச் சுத்தி செய்து வைத்த அவருடைய நடத்தை யோக்கியமான ஒரு விவசாயியின் நடத்தையே ஆகும்" என்று எழுதியிருக்கிறது. கோர்ட் முத்திரை குத்தி யோக்கியன் என்று சொன்ன மாமனார் இந்தத் தாலுகாவில் எத்தனை பேருக்கு உண்டு, தாங்களே யோசித்துப் பாருங்கோ.

ஆலடி வயலைப் போன வாரம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் நல்ல உழைப்பாளி, அதில் எனக்குக் குறையில்லை. வரப்பு வழியாகப் போகாமல் ரோடு வழியாகச் சுற்றிப் போகிறேன், அவ்வளவுதான். முற்றத்தில் இறக்கின பதினெட்டுக் கோட்டையும் பத்தாயம் காய்வதற்குள் மழையில் நனைந்து முளைவிட்டு, மாட்டுக்குப் போனது. முத்துநாயகம் தீர்ப்பன்று என் பக்கத்தில் வந்து நின்றார். ஜெயித்தவர் மாதிரியே இல்லை. "அண்ணாச்சி, கூண்டில முன்சீப் கேட்டப்பம் அந்த ஒரு வார்த்தைய நீரு மாத்திச் சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன். ஏன் சொல்லல்லை?" என்று கேட்டார். "மறந்துபோச்சு" என்றேன். "மோர் குடிக்கேரா?" என்றார். குடித்தேன். நல்ல மோர்தான், அன்றைக்கும் நல்ல மோர்தான். தப்பெல்லாம் குடித்தவன் பேரில்.

அத்தான், பழைய கணக்கில் கல்யாணம் நடத்த இனி எனக்குச் சக்தி இல்லை. பந்தல் சின்னதாயிருக்கும், சாப்பாட்டில் பாயசம் ஒன்றே ஒன்றாயிருக்கும். ஆனால் பெண் அதே பெண். கார்டை எடுத்து வைத்துவிட்டுப் பேசாமல் போன அந்தப் பெண்ணை நான் இன்னும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. பங்குனியில் நாள் பார்க்கலாம் என்று தாங்கள் ஒரு வரி எழுதினால் அவள் முகத்தைப் பார்ப்பேன். இந்தத் தடவையும் ஒரே வரி போதும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். சிவதாணுவுக்குப் பள்ளிக்கூட உத்தியோகம் நிலைத்து, சம்பளம் உயர்ந்து, கடைத்தெரு பக்கம் கால் வைக்காத புத்தியும் தீர்க்காயுசும் உண்டாக அம்மனைப் பிரார்த்திக்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் அத்தை மகன்,
ஆறுமுகப்பெருமாள்

பின்குறிப்பு: எழுதி முடித்ததைத் தாணம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அழகம்மையும் கதவுக்கு அப்புறம் நின்று கேட்டாள். முழுவதும் கேட்டுவிட்டுத் தாணம்மாள், "பொண்ணு போற வீட்டுக்கு ஒரு பொய்யையும் சேத்து அனுப்பாதீங்கோ. அந்த ஒண்ணையும் எழுதிப் போடுங்கோ" என்றாள். உள்ளே இருந்து அழகம்மையும், "எழுதுங்கப்பா" என்றாள். கார்டு வந்த பிறகு என்னிடம் அவள் பேசின முதல் வார்த்தை அதுதான். ஆகையால் எழுதுகிறேன். பொன்னுலிங்கத்திடம் நான் மிளகு என்று சொன்னது பெருமைக்கு. முன்சீப் கேட்டபோது நான் மறக்கவும் இல்லை, தங்கள் தலைப்பாகைக்கு முன்னால் சூதாடியாக நிற்க மனசில்லை. நெல்லை இறக்கின அன்று பத்தாயத்துக்குள் ஒரு பெருச்சாளி செத்துக் கிடந்தது.