பினாங்கில் காணாமல் போனது யார்

உத்திரமேரூர்,
12.6.2005

வாலாஜாபாத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் வரதன் அவர்களுக்கு, வேதகிரி வணங்கி எழுதுவது. இங்கு யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. என் மானத்துக்குத்தான் பலத்த அடி. உங்கள் தங்கையை நான் வெளிநாட்டில் தொலைத்துவிட்டதாக உங்கள் காதுக்கு வந்திருக்கும். உண்மை அதைவிட மோசம்.

மோட்டார் பம்பு கம்பெனிக்காரர்கள் என்னைப் போன்ற டீலர்களைக் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து கப்பலில் அழைத்துப்போனது தங்களுக்குத் தெரியும். பினாங்குத் தீவில் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டு, ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும் என்றார்கள். நான்தான் விவரம் தெரிந்தவனாயிற்றே, மேப்பை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தேன், கோட்டையைக் காட்டி வெள்ளைக்காரன் எப்போது வந்தான், பீரங்கியை எதற்கு வைத்தான் என்று எனக்குத் தெரியாததையெல்லாம் அரைமணி நேரம் விளக்கிவிட்டு, "இன்னா, புரிஞ்சுதா?" என்று திரும்பினால், பின்னால் ஒரு சீனக் கிழவர் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார். சுலோச்சனாவைக் காணோம்.

பாஷை தெரியாத ஊர், பாஸ்போர்ட் என் பையில். கடைத்தெருவெல்லாம் ஓடினேன். இருபத்தாறு வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கமில்லையா, அவசரத்துக்கு அது வாயில் வரவில்லை, "இந்தாம்மே!" என்றுதான் கத்தினேன். தமிழ்க்காரர்கள் தெருவில் பூக்கடையில் நின்ற நாலு பெண்கள் திரும்பி முறைத்தார்கள்.

இரண்டு மணிக்குத் துறைமுகத்துப் போலீசில் போய் நின்றேன். நல்லவேளை, ஞானதாஸ் என்று ஒரு தமிழ் அதிகாரி. "மனைவி என்ன கலர் சேலை?" என்றார்.

"அது... வெளியில போறப்ப கட்டுற சேலை சார்."

"உயரம்?"

"கதவோட மேல் தாப்பா எட்டாது சார்."

"அடையாளம் ஏதாச்சும்?"

"பாத்தா கோவமா கீற மாதிரி இருக்கும் சார்."

அவர் பேனாவை மூடினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார்: "நீலக் கட்டம் போட்ட சட்டை, மூணாவது பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைத்தது. இடது காலை இழுத்து நடப்பார். தெரியாத விஷயத்தைக் கையை ஆட்டி விளக்குவார். யாரிடமும் வழி கேட்க மாட்டார். டீயில் சர்க்கரை போடக் கூடாது." பிறகு, "வேதகிரிங்களா? பத்து மணியிலிருந்து தேடுறோம். காணாமப்போனது நீங்கதான்" என்றார்.

சர்க்கரை இல்லாத டீயும் ஒரு ரொட்டியும் வந்தன. அந்த நூலின் நிறம் வரைக்கும் தெரிந்தவளுக்கு என்னால் ஒரு சேலை நிறம் சொல்ல முடியவில்லையே என்று, நாலு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன் மச்சான். நாலு மணிக்கு வந்தாள். "சாப்டீங்களா?" என்றாள். கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கையில் கப்பல் ஏறினோம்.

நடந்தது இவ்வளவுதான். என்னை மன்னித்து, கோபத்தை அங்கேயே பாலாற்றில் விட்டுவிடவும். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல் விளக்காமல் இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
கண்டெடுக்கப்பட்ட தங்கள் மைத்துனன்
வேதகிரி

பி.கு.: ஒட்டுவதற்கு முன் சுலோச்சனாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். கண் கலங்குவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். "நான் எங்க தேடுனேன்? நீங்க பேசிக்கினே போனீங்க. உங்களோட வந்தா ஒரு எடமும் பாக்க முடியாதுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டு, மலை ரயில்ல ஏறி, எல்லாத்தையும் நிம்மதியா பாத்துட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல பெட்டிய ஒப்படைச்சுட்டுப் போறதில்ல? அது மாதிரிதான்" என்கிறாள். ஆகவே மச்சான், மேலே நான் அழுத இடத்தை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும்.