உப்புத்தண்ணியின் பெயரில்லாப் பவளம்

வலியசாலையில் எங்கள் அக்ரஹாரத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளில் வேதம் தெரிந்தவர்கள் ஒன்பது பேர், சங்கீதம் தெரிந்தவர்கள் ஆறு பேர், கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர் ஒரே ஒருவர். தெரு அவரை உப்புத்தண்ணி என்றுதான் அழைத்தது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூறுகளில், ஞாயிறு தவறாமல் ஸ்கூட்டரில் விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போய் நான்கு கேன் கடல்நீர் எடுத்து வருவார். கூடத்தில் பூஜை அலமாரிக்கு எதிரே மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. மீன் சமைக்காமலே மீன் வாசனை அடித்த ஒரே வீடு அது.

ஒருநாள் அங்கே வலையில் வந்த கல் ஒன்றை ஒரு மீனவர் தூக்கி எறியப் போனார். அதன்மேல் அழுகிய தோல்செருப்பு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"எதுக்கு சாரே? அழுகிப்போச்சு."

"அழுகலை. தூங்கறது," என்று வாங்கி வந்துவிட்டார்.

தொட்டியில் பத்தொன்பது நாள் தூங்கியது. இருபதாம் நாள் காலை என் வாசலில் மூச்சிரைக்க நின்றார். "ஓய், நீர் எதையும் எண்ணாம விடமாட்டீரே, வந்து எண்ணும்!"

போனேன். செருப்பைக் காணோம். அந்த இடத்தில் வெளிர்நீலப் புதர் ஒன்று நின்றது. கிளை நுனியெல்லாம் கடுகளவு பூக்கள். ஒவ்வொன்றும் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பூவுக்குப் பூ கைகள், கைக்குக் கை இறகு.

"எட்டு கை," என்றேன்.

"நிச்சயமா?"

"முப்பத்தேழு பூ பார்த்தாச்சு. எல்லாம் எட்டு."

"அப்போ மிருதுப் பவளம் ஓய்! கல்லாகாத ஜாதி!" என்று தொட்டியை நமஸ்காரம் பண்ணினார்.

ஜாதி தெரிந்தது, பெயர் தெரிய வேண்டாமா? கல்லூரியின் மலையாளி விலங்கியல் புரொபசரிடம் போனோம். "நிறம் கண்டு பேர் சொல்ல முடியாது சாமி. ஒரு துண்டு வெட்டி பிளீச்சில இடணும். சதை கரையும், உள்ளே இருக்கிற முள்ளு மிஞ்சும். அதாணு அதோட ஜாதகம்."

வெட்ட மனம் வராமல் உப்புத்தண்ணி பதினோரு நாள் தள்ளினார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நகத்தளவு வெட்டினார். மைக்ராஸ்கோப்பில் கண்ணாடிச் சில்லுகளாக ஆயிரம் ஊசிகள், ஊசியெல்லாம் முள். புரொபசர் மூன்று தடிப்புத்தகங்களைப் புரட்டினார். "இதிலொண்ணும் இல்லையே! வியாழக்கிழமை வீட்டுக்கு வரேன். உயிரோட, விரிஞ்சு காணணும்."

செவ்வாயன்று சூரியகிரகணம். தர்ப்பை போடாத ஜலத்தைக் கிரகணம் விட்டதும் கொட்டிவிடுவது எங்கள் வழக்கம். உப்புத்தண்ணி பாலில் தர்ப்பை போட்டார், ஊறுகாய் ஜாடியில் போட்டார், தொட்டியை மறந்தார். கரமனை ஆற்றில் முழுகிவிட்டு நாங்கள் திரும்பியபோது, அவர் மனைவி வாளியோடு நின்றார். கேன்கள் நான்கும் காலி. தொட்டியில் ஒரு சாண் தண்ணீர். புதர் மறுபடி செருப்பாகியிருந்தது.

"கிரகண ஜலம் ஆகாதேன்னு..." என்று மாமி இழுத்தார்.

உப்புத்தண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த மாமி பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்தார். "தப்பு பண்ணினது நான். சங்குமுகம் கடற்கரைக்குக் கிளம்புங்கோ."

அப்போதுதான் மனிதர் துள்ளி எழுந்தார். "பித்தளை வேண்டாம்டி! செம்பு கலந்தது, அதுக்கு விஷம்! பிளாஸ்டிக், பிளாஸ்டிக்!"

தெருவே கிளம்பியது. பதினான்கு பேர், இருபத்து மூன்று பிளாஸ்டிக் குடங்கள். திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "மாமி, கடல்ல கொஞ்சம் பாக்கி வெச்சிட்டுண்டோ?" என்றார்.

"நீ டிக்கெட்டைக் கிழி!" என்றார் மாமி, தளும்பும் குடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு.

வியாழனன்று புரொபசர் வந்தார். செருப்பு செருப்பாகவே இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. மூன்று காப்பி ஆயிற்று. மாமி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கூரை ஓட்டுக் கண்ணாடி வழியே வெயில் தொட்டிக்குள் இறங்கியபோது, ஒரே ஒரு பூ கை நீட்டியது. பிறகு பக்கத்துப் பூ. பிறகு கிளை கிளையாக நீலம் எழுந்து நின்றது. புரொபசரும் எழுந்து நின்றுவிட்டார்.

"புது இனமா இருக்கும் சாமி! முழுசா ஸ்பிரிட்டில இட்டு, பாடம் பண்ணித் தந்தா பேர் வெக்கலாம். உங்க பேரே வெக்கலாம்!"

உப்புத்தண்ணி தொட்டியைப் பார்த்தார். கதவோரம் வந்து நின்ற மாமியைப் பார்த்தார்.

"ஸ்பிரிட்டில போட்டா, இப்படி விரியுமோ?"

"அதெங்ஙன விரியும்?"

"அப்போ பேர் வேண்டாம் சார்."

புரொபசர் போனபின் திரும்பிப் பார்க்காமலே ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "உக்காரும் ஓய். வெயில் போறதுக்குள்ள இன்னும் விரியும்."

எனக்கு பிரஷர் மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. இருந்தும் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார எனக்கும் ஓர் இடம் இருந்ததே, அது போதும்.