முன்வரிசைக்கு முன்னால் ஓர் இடம்

உலகத்தில் வரிசை என்று ஒன்று ஏற்பட்டதே அதன் தலையில் தாம் நிற்பதற்காகத்தான் என்று நம்பிய ஒரே பிறவி எங்கள் முன்வரிசை. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பால் சொசைட்டியில் யாரைக் கேட்டாலும் அவருடைய நிஜப் பெயரைச் சொல்லமாட்டார்கள். மறந்துபோனதால் இல்லை. அவ்வளவு மரியாதை கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

பஸ் நிற்கும் முன்பே ஏறிவிடுவார். பந்தியில் இலை போடும் முன்பே உட்கார்ந்து, மேஜைமேல் விரித்த வெறும் காகிதத்துக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததுமே அட்சதையை வீசிவிட்டார். அந்தப் பையன் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டே முடிச்சுப் போட்டான். எழவுக்குப் போனாலும் பாடைக்கு முன்னால்தான் நடப்பார். தூக்கிக்கொண்டு போகிற ஆளையே முந்துகிற மனிதரை, சொந்தக் காலில் நடக்கிற நாம் என்ன செய்துவிட முடியும்?

செல்போன் வந்ததும் வியாதி முற்றியது. ஊரார் போனை எல்லாம் வாங்கி, தம் பெயருக்கு முன்னால் மூன்று 'ஏ' போட்டுத் தாமே பதிந்து வைத்தார். அதனால் யார் சட்டைப்பையில் எது அழுந்தினாலும் அழைப்பு அவருக்குத்தான் போகும். அவரும் சளைக்காமல், "சொல்லுங்க, என்னாச்சுங்க?" என்று நம் சட்டைப்பையோடு பேசிக்கொண்டிருப்பார்.

காலையில் பால் ஊற்றும் வரிசையிலும் இதே கதைதான். அவர் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் பெரும்பாலும் ருக்குமணி அக்காவாக இருக்கும். ஒற்றைக் கறவையை வைத்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவர். வாய் மட்டும் ஒரு பண்ணைக்குப் போதும்.

"ஏனுங், உங்க மாடு மட்டும் தங்கமாக் கறக்குதா? அப்படி என்ன அவசரம்?"

"அவசரமில்லீங் அம்மிணி. பொறகால நின்னா எனக்கு மூச்சு முட்டுது."

"நின்னு பாருங்க. முட்டுனா நாங்க சந்தோசப்படறோம்."

அந்தச் சொசைட்டியில் பால் அளந்து பதிகிற வேலை என்னுடையது. பூனை கடித்த ஒயரை ஒருமுறை ஒட்டிக் கொடுத்ததால் என்னைச் சாப்ட்வேர் இஞ்சினியர் என்று நம்பிவிட்டார்கள். பாழாய்ப்போன நானும் நம்பிவிட்டேன். நம்பியதோடு நிற்காமல் ஒரு புரோகிராமும் எழுதினேன். மாட்டுக்குச் சீக்கு வந்தால் படம் எடுத்து, உறுப்பினர் எண், பெயர், நோய் மூன்றையும் பைல் பெயராக வைத்துச் சொசைட்டிக்கு அனுப்ப வேண்டும். புரோகிராம் அவற்றை மேலிருந்து கீழாகப் படித்து, மாட்டு டாக்டர் எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று பட்டியல் போடும். டாக்டரம்மா வாரத்தில் ஒரு காலைதான் எங்கள் பக்கம் வருவார்.

மேலிருந்து கீழாக என்று நான் சொன்னதுதான் தாமதம், முன்வரிசை தம் பைல் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வைத்தார். குறிகளை எண்களுக்கு முன்னால் அடுக்குவது கம்ப்யூட்டரின் வழக்கம் என்பதால் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தார். எண்ணை எதிர்பார்த்த என் புரோகிராம் குறியைக் கண்டு மூர்ச்சையானது. அவரிடம் சண்டை போடுவதைவிடப் புரோகிராமை வளைப்பது சுலபம் என்பதால், ஆச்சரியக்குறி வந்தால் விழுங்கிவிட்டு மேலே போ என்று ஒரு வரி சேர்த்தேன். அதன்பிறகு வாராவாரம் உண்ணி கடித்ததற்கும் தும்மியதற்கும் டாக்டரம்மாவின் முதல் தரிசனம் அவருடைய தொழுவத்தில்தான்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, டாக்டரம்மாவின் ஜீப் வாசலில் நிற்க, புரோகிராமைத் திறந்தேன். பொசுக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். துடைத்தேன். சூடாகியிருக்கும் என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்துவிட்டு நான் வேர்த்து வழிந்தேன். யாரும் பார்க்காதபோது பழனி விபூதியை மானிட்டரில் பூசினேன். கடைசியில் வெளியே வந்து, வெளிநாட்டுக் கும்பல் ஒன்று நம் சொசைட்டி கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிட்டது என்று அறிவித்தேன்.

டாக்டரம்மா திருச்சூர்க்காரர். சிரிக்காமல் கேட்டார்: "நம்முடெ பசுவின்டெ பேதியறிஞ்சிட்டு அவர்க்கு எந்தா காரியம், சேட்டா?" மாட்டுப் பேதியின் ரகசியம் வெளிநாட்டானுக்கு எதற்கு என்பது நியாயமான கேள்விதான்.

எனக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். பால் கேனோடு முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாம் உங்க ஆச்சரியக்குறி பண்ணுன வேலைங்க! மொதல்ல நிக்கோணும், மொதல்ல நிக்கோணும்னு இப்ப ஊரையே நிறுத்திப்போட்டீங்க!"

"இல்லீங் தம்பி," என்றார். "என்ற மாடு இன்னிக்கு ரெண்டாவதுங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. ஒருவருக்குப் புரையேறி முதுகில் தட்ட வேண்டியிருந்தது. ருக்குமணி அக்கா இருந்திருந்தால் பொருத்தமாக ஏதாவது சொல்லியிருப்பார். அன்று அவரைக் காணவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "சேட்டா, ஆ போல்டர் ஒந்நு தொறக்கூ. ஞான் தன்னெ வாயிச்சோளாம்."

பைல்கள் கிடக்கிற போல்டரைத் திறந்து கண்ணால் படித்தால் போதும்! புரோகிராம் எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. விபூதி தோன்றியது.

திறந்தேன். ஆச்சரியக்குறி நிஜமாகவே இரண்டாவது இடத்தில் இருந்தது. முதல் இடத்தில், எந்தக் குறியும் இல்லாமல், ருக்குமணி அக்காவின் எண். அவர் பெயர். 'கன்னுபோட்டு எந்திரிக்கல.'

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கன்று ஈன்ற மாடு சுண்ணாம்புச் சத்து இறங்கிப் படுத்துவிட்டால் கொஞ்ச நேரம்தான் தாங்கும். தாமதித்தால் மாடு தங்காது என்று சொல்லிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். வழி காட்டுகிறேன் என்று முன்வரிசை அவருக்கும் முன்பே முன்சீட்டில் ஏறியிருந்தார்.

நான் சைக்கிளில் போய்ச் சேரும்போது கழுத்து நரம்பில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ருக்குமணி அக்கா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அறிந்து அந்த வாய் மூடியிருந்தது அன்றுதான். பாட்டில் காலியாகிச் சற்று நேரம் கழித்து மாடு உடம்பைச் சிலிர்த்தது, பின்னங்காலை ஊன்றியது, எழுந்து நின்று முதல் வேலையாக என் செருப்பின்மேல் சாணி போட்டது. இஞ்சினியருக்கு அது போதும்.

திரும்பி வந்து அந்தப் பைலைத் தோண்டினேன். பெயரின் தொடக்கத்தில் கர்சரை வைத்து அம்புக்குறியைத் தட்டினால் கர்சர் எதையுமே தாண்டவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினால்தான் எண்ணைத் தாண்டியது. ஆக, அங்கே ஏதோ ஒன்று இருந்தது. காலி இடம் போலத் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் கணக்கில் அது காலி இடம் இல்லை. அதுவும் ஓர் எழுத்து. அதில் தடுக்கித்தான் என் மேதாவி புரோகிராம் விழுந்திருக்கிறது.

முன்வரிசையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காலைல அந்த அம்மிணி ஊட்டு வழியா வந்தனுங். மாடு கெடந்துச்சு. அம்மிணிகிட்ட பட்டன் போன்தான். நான்தான் போட்டோ எடுத்து அனுப்புனேன். என்றது ரெண்டாவதுன்னு சொன்னதுமே எல்லாரும் சிரிச்சுப்போட்டீங்க, மீதியச் சொல்ல உடலீங். ஆச்சரியக்குறிக்கும் மேல போகோணும்னா இந்தக் காலி எழுத்தைக் காப்பி பண்ணி ஒட்டுங்கன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. எனக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"ஏனுங்க, அதுக்கு உங்க ஆச்சரியக்குறிய எடுத்திருந்தாப் போதாதா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதெப்படீங் தம்பி? என்ற எடத்த நான் உட முடியுமா? அதுக்கு முன்னால ஒரு எடம் உண்டு பண்ணுனேன்."

ஆக, அந்த மனிதர் தம் ஆயுளில் ஒரே ஒருவரை முன்னால் விட்டார். அன்றைக்கே ஆபீஸைக் கவிழ்த்தார். திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் காலை ருக்குமணி அக்காவை இடித்துக்கொண்டுதான் முதலில் போய் நின்றார். அக்காவும் பாக்கியில்லாமல் திட்டினார்.

இப்போது முன்வரிசை மூட்டு ஆபரேஷன் முடிந்து, கோயமுத்தூரில் மகள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் பாவம். இங்கே வரிசை நிம்மதியாக நகரும் என்று நினைத்தேன். நேற்றுப் புதிதாகச் சேர்ந்த ஒருவர், ருக்குமணி அக்காவுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, கேனைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்.

"ஏனுங், அங்க ஆளிருக்குது. பொறகால வாங்க," என்றார் அக்கா.

"யாரையுமே காணோமே?"

"கண்ணுக்குத் தெரியலீன்னா ஆளில்லைன்னு அர்த்தமா? எடுங்க கேனை."

நான் முதல் வரியைக் காலியாக விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து பதிய ஆரம்பித்தேன்.