மிளகாய் நெடி அடித்த கார் கதவு

வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் ஒரு தொழிற்சாலையையே தும்ம வைத்தவன் நான். (பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் வேறு யாரும் செய்ததாகத் தெரியவில்லை.)

தாம்பரத்தைத் தாண்டி, கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனி. கண்ணாடி இழைக்குப் பதிலாக வாழைநாரைப் பிளாஸ்டிக்கில் சேர்த்துக் கதவின் உள்பலகை செய்யலாம் என்று கிளப்பிவிட்டவன் நான்தான். எடை குறைவு, அதுவும் மண்ணில் விளைவது! சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே இல்லை. வாழை மரமெல்லாம் காராகவே தெரிந்தது. திங்கட்கிழமை கார் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் திட்டமும் உண்டு, என் வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் இரண்டும் கிடையாது.

நாரில் ஈரம் இருந்தால் சூடான அச்சில் ஆவியாகி, பலகை கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். சனிக்கிழமை பார்த்து எங்கள் உலர்த்தும் அடுப்பு மண்டையைப் போட்டது. நான் அசருவேனா? சித்திரை வெயில் எதற்கு இருக்கிறது? நார் மூட்டையைச் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு ஏற்றினேன். வருஷத்துக்கான மிளகாயைக் காயவைத்து அப்போதுதான் அள்ளியிருந்தாள் அம்மா. தார்ப்பாய் காலி!

"டேய், நல்லாத் தொடச்சிட்டுப் போடுடா."

"இது டெக்னிக்கல் விஷயம்மா, உனக்குப் புரியாது." (இதற்காகவே என்னை நாலு அறை அறையலாம்.)

திங்கட்கிழமை. விருந்தினர் மூவரும் எங்கள் மேனேஜர் கலைவாணி மேடமும் அச்சு இயந்திரத்தைச் சுற்றி நின்றார்கள். ஆபரேட்டர் டில்லி அண்ணன் பட்டனை அழுத்தினார். லேசாகப் புகை வந்தது. மேடம் தும்மினார். அடுத்து விருந்தினர்கள். அப்புறம் யார் யார் என்ற கணக்கே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்.

"இன்னா சார், டோர் பண்றியா, மொளகா வறுக்கிறியா? கண்ணு எரிஞ்சிகினு கீது சார்!" என்று கத்தினார் டில்லி அண்ணன்.

என் வேலை போயே போய்விட்டது என்று நினைத்தேன். புகை அடங்கியதும், விருந்தினரில் மூத்தவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உள்ளே போனார். பலகையைத் தட்டினார், வளைத்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கொப்புளம்கூட இல்லையே! எங்கேப்பா காய வெச்சீங்க?"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. இருமல்தான் விடவில்லை.

திட்டம் நடந்தது, வேலையும் நிரந்தரமானது. சொந்தத்தில் யார் புதுக் கார் வாங்கி வந்தாலும், ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வரும் அம்மா இன்றைக்கும் ஒரு எச்சரிக்கை கொடுக்கிறாள்: "கதவைத் தொட்ட கையால கண்ணைத் தொட்டுடாதீங்க. எம்புள்ள செஞ்சதா இருக்கப் போவுது!"